எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்: அனுப்பிய மின்னஞ்சல் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

பள்ளியின் சேர்க்கை அறிவிப்பு பெற்றோரைச் சென்றடையவில்லை. பதிப்பகத்தின் விலைப்பட்டியல் வாசகரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. அறக்கட்டளை அனுப்பிய நன்கொடை ரசீது ‘550 5.7.26’ என்ற பிழை எண்ணைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. சொந்த டொமைனில் (தங்களுக்கென்று பதிவுசெய்த இணையப் பெயரில்) மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறிய அமைப்புகள் பலவும் 2024க்குப் பிறகு இப்படித் திகைத்து நிற்கின்றன. கடிதத்தின் வாசகத்தில் குறை இல்லை. பரிசு, சலுகை என்று ஆசை காட்டும் சொற்களும் இல்லை. ஆனாலும் கடிதம் போய்ச் சேர்வதில்லை.

காரணம் பெரும்பாலும் கடிதத்துக்கு வெளியே, டொமைனின் டிஎன்எஸ் அமைப்புகளில், அதாவது அந்தப் பெயரைப் பற்றிய தகவல்களை எல்லோரும் தேடிப் பார்க்கும் பொதுப் பதிவேட்டில், இருக்கிறது. அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்பதை நிரூபிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் உள்ளன. இவற்றைப் பற்றிய வழிகாட்டுதல்களில் பல, ‘இந்த மூன்று வரிகளை எடுத்து ஒட்டுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒட்டிய பிறகும் சிக்கல் தீராதவர்கள் ஏராளம். எஸ்பிஎஃப் சோதனையும் டிகேஐஎம் சோதனையும் தேறினாலும் போதாது. தேறிய பெயர், பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு பொருந்தவும் வேண்டும். இந்தப் பொருத்தத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

## என்ன மாறியது?

கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் புதிய விதிகளை அறிவித்தன. 2024 பிப்ரவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. ஜிமெயிலின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. எவ்வளவு குறைவாக அனுப்பினாலும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அனுப்பும் சர்வரின் ஐபி முகவரிக்கு (இணையத்தில் அந்தக் கணினியைக் குறிக்கும் எண்ணுக்கு) முறையான பெயர் இருக்க வேண்டும். இணைப்பு டிஎல்எஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

2. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 அஞ்சல்களோ அதற்கு மேலோ அனுப்புபவர்களுக்கு மூன்று ஏற்பாடுகளும் கட்டாயம். விளம்பர, சந்தா அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும்.

3. ‘இது ஸ்பேம்’ என்று பெறுபவர்கள் குறிக்கும் விகிதம் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30 சதவீதத்தை எட்டவே கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் புகார் செய்தாலே ஆபத்து.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000க்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கு இதே போன்ற விதிகளை 2025 மே 5 முதல் அமல்படுத்தியது. விதிக்கு உட்படாத அஞ்சல்களை ‘550 5.7.515’ என்ற பிழை எண்ணோடு அது நிராகரிக்கிறது.

5,000 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘இது நமக்கில்லை’ என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. முதல் விதி எல்லோருக்கும் பொருந்தும். துணை டொமைன்களிலிருந்து போகும் அஞ்சல்களும் முதன்மை டொமைனின் கணக்கிலேயே சேரும். ஒருமுறை அந்த எல்லையைத் தாண்டிய டொமைனை ‘மொத்த அனுப்புநர்’ என்று கூகுள் குறித்துவைத்துக்கொள்கிறது. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆண்டு மலர் வெளியீட்டுக்கு ஒரே ஒரு நாள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிய அமைப்புக்கும் இதே நிலைதான்.

## அடிப்படை: ஒரே அஞ்சலில் இரண்டு அனுப்புநர்கள்

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியிட்டார். அன்றைய வலைப்பின்னலில் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் போன்ற அமைப்புகளே இணைந்திருந்தன. அனுப்புநர் தன்னைப் பற்றிச் சொல்வதைச் சரிபார்க்க அந்த நெறிமுறையில் எந்த வழியும் வைக்கப்படவில்லை. இன்றும் அந்த நெறிமுறையின் அடித்தளம் அதுவே. எவரும் எந்த முகவரியை வேண்டுமானாலும் அனுப்புநர் இடத்தில் எழுதிவிட முடியும்.

தபால் கடிதத்தில் உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரியும், உள்ளே கடிதத்தின் தலைப்பில் இன்னொரு முகவரியும் இருப்பதைப் போல மின்னஞ்சலிலும் இரண்டு உண்டு. உறை முகவரியைச் சர்வர்கள் மட்டுமே பார்க்கும். அஞ்சல் திரும்பினால் போய்ச் சேர வேண்டிய இடம் அது. இதை ரிட்டர்ன்-பாத் என்பார்கள். பெறுபவரின் திரையில் தெரிவது உள்ளே இருக்கும் முகவரி. இதை ஃபிரம் முகவரி என்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை. செய்திமடல் சேவைகள் மூலம் அனுப்பும்போது இரண்டும் வேறாக இருப்பதே வழக்கம். இனி வரும் எல்லாமே இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

## எஸ்பிஎஃப்: எந்தச் சர்வருக்கு உரிமை?

டொமைனின் உரிமையாளர் தன் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு டெக்ஸ்ட் பதிவை இடுகிறார். ‘என் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்த ஐபி முகவரிகளுக்கும் இந்தச் சேவைகளுக்கும் உரிமை உண்டு’ என்பதே அதன் பொருள். அஞ்சலைப் பெறும் சர்வர், உறை முகவரியில் உள்ள டொமைனின் பதிவை எடுத்துப் பார்த்து, வந்த ஐபி முகவரி அதில் இருக்கிறதா என்று சோதிக்கிறது. இன்று வழக்கில் உள்ள வரையறை 2014 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 7208.

இங்கே நடக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியானவை:

1. ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவையில் சேரும்போது அது தரும் வரியைத் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு பதிவுகள் இருந்தால் சோதனை நிரந்தரப் பிழையில் முடியும், இரண்டுமே பயனற்றுப்போகும். பழைய பதிவுக்குள்ளேயே புதிய சேவையின் ‘இன்க்ளூட்’ பகுதியை (அந்தச் சேவையின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பை) சேர்க்க வேண்டும்.

2. சோதனையின்போது பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் அதுவும் நிரந்தரப் பிழைதான். ஒரு ‘இன்க்ளூட்’ தனக்குள் மேலும் சிலவற்றை வைத்திருந்தால் அவையும் கணக்கில் சேரும். ஐபி முகவரிகளை நேரடியாக எழுதினால் கணக்கில் வராது. எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் பெயர்களை நீக்கினாலே பலருக்கு இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

3. பதிவின் கடைசிச் சொல் ‘ஆல்’. அதன் முன்னால் கழித்தல் குறி இருந்தால் ‘மற்றவை அனைத்தும் பொய்’ என்று பொருள். அலைக்குறி (~) இருந்தால் ‘மற்றவை சந்தேகத்துக்குரியவை’. டிமார்க் வைத்திருப்பவர்களுக்கு அலைக்குறியே நல்லது என்பது என் கருத்து. கழித்தல் குறியைக் கண்டதும் சில சர்வர்கள் டிகேஐஎம் கையொப்பத்தைப் பார்க்காமலேயே அஞ்சலை நிராகரித்துவிடக்கூடும்.

எஸ்பிஎஃப் முறையில் ஒரு பிறவிக் குறையும் உண்டு. கல்லூரி முகவரிக்கு வரும் அஞ்சலை ஒருவர் தன் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், ஜிமெயிலை வந்தடைவது கல்லூரிச் சர்வரின் ஐபி முகவரியிலிருந்து. அது முதலில் அனுப்பியவரின் பட்டியலில் இருக்காது. நேர்மையான அஞ்சல் அங்கே தோற்றுவிடும்.

## டிகேஐஎம்: கடிதத்தோடு பயணிக்கும் கையொப்பம்

யாஹூவின் டொமைன்கீஸ் முறையும் சிஸ்கோவின் இதே நோக்கமுள்ள முறையும் இணைந்து உருவானது டிகேஐஎம். 2007இல் ஆர்எஃப்சி 4871 ஆக வெளியானது. 2011இல் ஆர்எஃப்சி 6376 அதன் இடத்தைப் பிடித்தது.

இதில் இரண்டு சாவிகள் உண்டு. தனிச் சாவி அனுப்பும் சர்வரிடம் ரகசியமாக இருக்கும். பொதுச் சாவி டிஎன்எஸ் பதிவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். ஒவ்வோர் அஞ்சலும் வெளியேறும்போது, அதன் உடலையும் ஃபிரம், பொருள், தேதி போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்துச் சர்வர் தனிச் சாவியால் கையொப்பமிடுகிறது. எந்த டொமைன் கையொப்பமிட்டது, எந்தப் பெயரில் பொதுச் சாவியைத் தேட வேண்டும் என்ற இரண்டு குறிப்புகளும் அந்தக் கையொப்பத்தில் இருக்கும். தேட வேண்டிய பெயருக்கு செலக்டர் என்று பெயர். ஒரே டொமைனில் பல செலக்டர்கள் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிச் சாவி கொடுக்க முடியும்.

கையொப்பம் கடிதத்தோடு ஒட்டியிருப்பதால், வழியில் யாரும் எழுத்தை மாற்றாத வரை, எத்தனை சர்வர் கைமாறினாலும் அது செல்லும். எஸ்பிஎஃப் தோற்கும் இடத்தில் இது காப்பாற்றுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் டிகேஐஎம் செய்யுங்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

சாவியின் நீளமும் முக்கியம். 2012இல் வெளியான செய்தி ஒன்று இது: சக்காரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு கூகுளின் பெயரில் ஒரு வேலைவாய்ப்பு அஞ்சல் வந்தது. அதை ஆராய்ந்தபோது, கூகுள் பயன்படுத்திய சாவி வெறும் 512 பிட் நீளமே கொண்டது என்று கண்டார். அதை உடைத்து, கூகுளின் நிறுவனர்களில் ஒருவரான செர்கி பிரின் அனுப்பியது போலவே இன்னொரு நிறுவனரான லாரி பேஜுக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். கூகுள் உடனே 2048 பிட் சாவிக்கு மாறியது. இன்று 1024 பிட்டுக்குக் குறைவான சாவியில் இட்ட கையொப்பத்தைச் செல்லாததாகவே கருத வேண்டும் என்பது விதி. 2048 பிட் பரிந்துரைக்கப்படுகிறது.

2048 பிட் சாவியை, டிஎன்எஸ் பதிவுகளை இடும் பலகத்தில் ஒட்டும்போது ஒரு சிக்கல் வரும். டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சாவியோ அதைவிட நீளம். சில பலகங்கள் தாமே துண்டாக்கிக்கொள்ளும். சில எச்சரிக்காமல் வாலை வெட்டிவிடும். இட்ட பிறகு பதிவை வெளியிலிருந்து தேடிப் பார்த்து, கடைசி எழுத்து வரை வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது அவசியம்.

## டிமார்க்: பொருத்தம் என்னும் கேள்வி

இதுவரை பார்த்த இரண்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எஸ்பிஎஃப் உறை முகவரியைச் சோதிக்கிறது. டிகேஐஎம் கையொப்பமிட்ட டொமைனைச் சோதிக்கிறது. பெறுபவர் பார்க்கும் ஃபிரம் முகவரியை இரண்டுமே கேள்வி கேட்பதில்லை. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் முறையாக வைத்துக்கொண்டு, ஃபிரம் இடத்தில் உங்கள் வங்கியின் முகவரியை எழுதினால் இரண்டு சோதனைகளும் ‘தேர்ச்சி’ என்றே சொல்லும்.

இந்த ஓட்டையை அடைக்க பேபால், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் வெளியிட்டதே டிமார்க். 2015 மார்ச்சில் அது ஆர்எஃப்சி 7489 ஆனது. அதன் விதி இதுதான்: எஸ்பிஎஃப் தேறி, உறை டொமைன் ஃபிரம் டொமைனோடு பொருந்த வேண்டும், அல்லது டிகேஐஎம் தேறி, கையொப்பமிட்ட டொமைன் ஃபிரம் டொமைனோடு பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இயல்பான தளர்வு முறையில், துணை டொமைனும் முதன்மை டொமைனும் பொருந்தியதாகவே கொள்ளப்படும்.

ஒரு பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். அது செய்திமடல் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, தன் டொமைன் முகவரியை ஃபிரம் இடத்தில் இட்டு அனுப்புகிறது. சேவை தன் வழக்கப்படி உறை முகவரியில் தன் டொமைனையே வைக்கிறது. கையொப்பமும் தன் பெயரிலேயே இடுகிறது. எஸ்பிஎஃப் தேறுகிறது, டிகேஐஎம் தேறுகிறது, டிமார்க் தோற்கிறது. தேறியவை இரண்டும் சேவையின் பெயரில் தேறின. பதிப்பகத்தின் பெயரில் எதுவும் தேறவில்லை. இந்த நிலையில் சேவையின் ஐபி முகவரியைப் பதிப்பகத்தின் எஸ்பிஎஃப் பதிவில் சேர்த்தும் பயனில்லை. உறையில் பதிப்பகத்தின் டொமைன் இல்லாதபோது அந்தப் பதிவை யாரும் பார்க்கவே போவதில்லை. சேவையின் அமைப்புகளில் ‘டொமைன் சரிபார்ப்பு’ என்ற பகுதிக்குப் போய், அது தரும் பதிவுகளைப் பதிப்பகத்தின் டிஎன்எஸ்ஸில் இட்டு, கையொப்பத்தைப் பதிப்பகத்தின் பெயரிலேயே இடச் செய்வதுதான் தீர்வு.

ஃபிரம் இடத்தில் இலவச முகவரியை வைத்துச் செய்திமடல் அனுப்புபவர்களின் நிலை இன்னும் மோசம். யாஹூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு, டிமார்க்கில் தோற்ற அஞ்சலை ‘நிராகரி’ என்ற கொள்கையை அறிவித்தது; அதே மாதத்தில் ஏஓஎல் மின்னஞ்சல் சேவை பின்தொடர்ந்தது. அன்றிலிருந்து யாஹூ முகவரியை ஃபிரமாக வைத்து வேறு சர்வரிலிருந்து அனுப்பினால், டிமார்க் விதியைக் கடைப்பிடிக்கும் இடங்களில் அது ஏற்கப்படாது. ஜிமெயில் முகவரியையும் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கூகுளின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அடுத்தவரின் டொமைனில் நீங்கள் பதிவு எதையும் இட முடியாது என்பதால் இதற்குச் சொந்த டொமைனைத் தவிர வேறு வழி இல்லை.

அமைப்புகளின் இணையதளத்தில் இருக்கும் ‘தொடர்புகொள்ள’ படிவமும் இதே காரணத்தால்தான் செயலிழக்கிறது. படிவத்தை நிரப்பியவரின் முகவரியை ஃபிரமாக வைத்து உங்கள் இணையதளச் சர்வர் அனுப்பினால், அது தொழில்நுட்பப்படி போலி அஞ்சல். ஃபிரமில் உங்கள் டொமைன் முகவரியும், பதில் முகவரி இடத்தில் அவருடைய முகவரியும் இருக்குமாறு மாற்றினால் போதும்.

## டிமார்க் பதிவில் என்ன எழுதுவது?

பதிவில் இரண்டு பகுதிகள் முக்கியம். ஒன்று கொள்கை: ‘நன்’ (none) என்றால் தோற்றாலும் எதுவும் செய்ய வேண்டாம், ‘குவாரண்டைன்’ என்றால் ஸ்பேமில் போடு, ‘ரிஜெக்ட்’ என்றால் வாங்காதே. இன்னொன்று அறிக்கை முகவரி. இதைக் கொடுத்தால், பெறும் நிறுவனங்கள் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபியிலிருந்து எத்தனை அஞ்சல் வந்தது, எது தேறியது, எது தோற்றது என்று எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும். கடிதத்தின் உள்ளடக்கம் அதில் இருக்காது.

அறிக்கைகளைப் படிக்காமல் நேரே ‘ரிஜெக்ட்’ போடுவது பெரும் தவறு. ஏதோ ஒரு மூலையில் இயங்கும் கணக்கு மென்பொருள் அனுப்பும் ரசீதுகள் அன்றே நின்றுபோகும். அது யாருக்கும் தெரியாது. வரிசையாகப் போவதே நல்லது:

1. உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்: அலுவலக மின்னஞ்சல், இணையதளம், செய்திமடல் சேவை, கட்டணச் சேவை, கணக்கு மென்பொருள்.

2. எஸ்பிஎஃப் பதிவை ஒன்றாக ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு சேவைக்கும் டிகேஐஎம் கையொப்பத்தை உங்கள் டொமைன் பெயரில் இயக்குங்கள். பதிவின் பெயரை எழுதும்போது கவனம் தேவை: பல டிஎன்எஸ் பலகங்கள் டொமைன் பெயரைத் தாமே பின்னால் ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயரையும் நீங்கள் எழுதினால் டொமைன் இரண்டு முறை வந்து, பதிவு யாருக்கும் கிடைக்காத இடத்தில் போய் உட்காரும்.

3. சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்கள் அதன் ஐபி முகவரிக்குப் பெயர் தரும் பிடிஆர் பதிவையும் சரிபார்க்க வேண்டும். அதை உங்கள் டொமைன் பலகத்தில் மாற்ற முடியாது. ஐபி முகவரியைக் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

4. டிமார்க் கொள்கையை ‘நன்’ என்றும் அறிக்கை முகவரியோடும் இடுங்கள். சில வாரங்கள் அறிக்கைகளைப் பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் அனுப்பும் சேவைகளும் தென்படும் வரை பொறுத்திருங்கள்.

5. உங்கள் அஞ்சல்கள் அனைத்தும் பொருத்தத்தோடு தேறுகின்றன என்று உறுதியான பிறகு ‘குவாரண்டைன்’, பின்னர் ‘ரிஜெக்ட்’.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் ஜிமெயில் கணக்குக்கு ஓர் அஞ்சல் அனுப்பி, மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ பகுதியைத் திறந்தால் மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே தெரியும். ‘பாஸ்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், அதன் அருகில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

‘நன்’ கொள்கையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவோர் பலர். ஜிமெயிலின் கட்டாயத்தை நிறைவேற்ற அது போதும். உங்கள் பெயரில் வரும் மோசடி அஞ்சலைத் தடுக்கப் போதாது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2017 அக்டோபரில் தன் நாட்டு அரசு அமைப்புகளுக்கு ‘ரிஜெக்ட்’ நிலையை எட்ட ஓராண்டு அவகாசம் கொடுத்தது. மூன்று சேவைகளை மட்டும் பயன்படுத்தும் ஒரு சிறிய அமைப்புக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது.

## இவை செய்யாதவை

மூன்றும் சரியாக இருந்தும் அஞ்சல் ஸ்பேமுக்குப் போகலாம். அடையாளம் நிரூபணமாகிவிட்டது, அந்த அடையாளத்துக்கு உரியவரை நம்பலாமா என்பது வேறு கேள்வி. ஸ்பேம் அனுப்புபவர்களும் தங்கள் டொமைன்களில் இந்தப் பதிவுகளை இடுகிறார்கள். அதனால் டொமைனின் கடந்தகால நடத்தை, பெறுபவர்களின் புகார்கள், இல்லாத முகவரிகளுக்கு அனுப்பித் திரும்பியவை ஆகியவற்றைக் கொண்டே சேவைகள் முடிவெடுக்கின்றன. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலை எந்தப் பதிவாலும் காப்பாற்ற முடியாது. ஜிமெயிலில் உங்கள் நிலையைப் பார்க்க, போதிய அளவு அஞ்சல் அனுப்புபவர்களுக்கு போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவச வசதி இருக்கிறது.

ஒத்த தோற்றமுள்ள டொமைன்களையும் டிமார்க் தடுக்காது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவுசெய்த டொமைன், தன் அளவில் உண்மையான டொமைன்தான். அது எல்லாச் சோதனைகளிலும் தேறும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘.பேங்க்.இன்’ என்ற தனி டொமைனுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதன் பின்னணியில் இந்த ஆபத்தும் இருக்கிறது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் அந்த முடிவுப் பெயரில் மோசடிக்காரர் பதிவுசெய்ய முடியாது.

## அஞ்சலே அனுப்பாத டொமைன்கள்

பலர் கவனிக்காத ஓர் இடம் இது. எதிர்காலத் தேவைக்கென்று வாங்கி வைத்த பெயர்கள், நிறுத்திவிட்ட இதழின் பழைய டொமைன், எழுத்து மாறிய வடிவங்கள் ஆகியவற்றிலிருந்து யாரும் அஞ்சல் அனுப்புவதில்லை. அதனாலேயே அவற்றில் பதிவு எதுவும் இருக்காது; பெயரைத் திருடுபவருக்கு அது வசதி. இத்தகைய ஒவ்வொரு டொமைனிலும் எந்தச் சர்வரையும் அனுமதிக்காமல் கழித்தல் குறியோடு ‘ஆல்’ என்று மட்டும் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும், ‘ரிஜெக்ட்’ கொள்கை கொண்ட டிமார்க் பதிவையும் இடலாம். இங்கே அறிக்கைகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தடைபடுவதற்கு நேர்மையான அஞ்சல் எதுவும் இல்லாததால் இன்றே நேராக ‘ரிஜெக்ட்’ போடலாம்.